ஆவணப்படத்தை உலகத் திரைப்பட விழாக்களுக்கு அனுப்புவது எப்படி: முதல் படம் எடுத்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எடிட்டிங் முடிந்துவிட்டது. நண்பர்கள் நாலு பேர் பார்த்துவிட்டு நன்றாக வந்திருக்கிறது என்கிறார்கள். அன்று ராத்திரியே யூடியூபில் ஏற்றிவிடலாமா என்று கை பரபரக்கும். தயவுசெய்து ஏற்றாதீர்கள். ஒரு படத்துக்கு முதல் திரையிடல் ஒரே ஒரு தடவைதான் உண்டு. அதை எங்கே செலவழிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அதற்குப் பிறகு எந்த விழாவின் கதவு திறக்கும் என்பது அமையும். நல்ல படங்கள் பல இந்த ஒரு இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

படத்தைப் பூட்டிய நாளிலிருந்து (அதாவது, இனி எந்த வெட்டும் இல்லை என்று எடிட்டிங்கை முடித்த நாளிலிருந்து) முதல் திரையிடல் வரை எட்டு முதல் பன்னிரண்டு மாதம் பிடிக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பணமும் அதற்கேற்ப ஒதுக்க வேண்டும். படப்பிடிப்பு முடிந்ததும் கையிருப்பு மொத்தமும் தீர்ந்துவிட்டால் படம் ஹார்ட் டிஸ்க்கிலேயே தூங்கும்.

1. நீளத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

படத்தின் நீளம் அது எந்தப் பிரிவில் போட்டியிடும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆஸ்கர் விதிப்படி குறும் ஆவணப்படம் என்றால் பெயர்ப்பட்டியல் உட்பட 40 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். சன்டான்ஸ் விழாவில் 50 நிமிடத்துக்குக் குறைந்தது குறும்படம், அதற்கு மேல் முழுநீளம். 52 நிமிடம் தொலைக்காட்சிக்கென்று உருவான அளவு. விழாக்களில் அது இரண்டுங்கெட்டான்: குறும்படப் பிரிவுக்கு நீளம், முழுநீளப் பிரிவில் 90 நிமிடப் படங்களோடு மோத வேண்டும்.

43 நிமிடப் படம் வைத்திருப்பவர்கள் மூன்றரை நிமிடம் வெட்ட முடியுமா என்று மறுபடியும் டைம்லைனைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் முடியும். தொடக்கத்தில் வரும் டிரோன் காட்சிகளிலேயே ஒரு நிமிடம் கிடைக்கும். குறும்படங்களில் 15 முதல் 25 நிமிடத்துக்குள் இருப்பவற்றுக்கு இடம் கிடைப்பது எளிது. நிகழ்ச்சி அமைப்பாளர் ஒன்றரை மணி நேரத்துக்குள் நாலைந்து படங்களை அடுக்கியாக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

2. கையெழுத்துத் தாள்கள்

படத்தில் பேசும் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் தாள் வாங்கியிருக்க வேண்டும். அது அவர்களுக்குப் புரியும் தமிழில் இருக்கட்டும். ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றைப் பின்னால் இணைத்துக்கொள்ளலாம். தாளில் கட்டாயம் இருக்க வேண்டியவை: படத்தின் பெயர் (தற்காலிகப் பெயராக இருந்தால் அப்படியே குறிப்பிட்டு), படப்பிடிப்பு நடந்த தேதியும் இடமும், உலகெங்கும் எல்லா ஊடகங்களிலும் காலவரையின்றிப் பயன்படுத்தச் சம்மதம் என்ற வரி, பணம் கொடுத்திருந்தால் எவ்வளவு என்ற விவரம். கைநாட்டு வைப்பவர்களுக்குப் படித்துக் காட்டிய சாட்சியின் கையெழுத்தும் வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அப்பாவோ அம்மாவோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும்.

தாளோடு நிற்காமல், கேமராவை ஓடவிட்டு, "என் பேர் இன்னது, இந்தப் படத்துல பேச எனக்குச் சம்மதம்" என்று அவர்களையே சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். படப்பிடிப்பு முடிந்து இரண்டு வருடம் கழித்து ஊரைத் தேடிப் போனால் ஆள் திருப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போயிருப்பார். கையெழுத்து அன்றைக்கே வாங்க வேண்டியது.

சாதி, கூலி, காவல்துறை, நிலத் தகராறு என்று ஆபத்து தொடும் விஷயங்களில் பேசியவர்களுக்கு, விழாவுக்கு அனுப்பும் முன் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். தாளில் கையெழுத்து இருப்பதால் அவர்களுடைய பயம் போய்விடாது. யாராவது முகத்தை மறைக்கச் சொன்னால், பூட்டிய படத்தைத் திறந்து மறைத்துத்தான் ஆக வேண்டும்.

3. டீக்கடையில் ஓடும் பாட்டு

தமிழ் ஆவணப்படங்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. டீக்கடையில் உட்கார்ந்து ஒரு பெரியவர் அற்புதமாகப் பேசுகிறார். பின்னால் பண்பலையில் சினிமாப் பாட்டு. பல்லவி முடிந்து சரணம் வரும் இடத்தில்தான் அவர் கண் கலங்குகிறார். அந்தப் பாட்டைப் பேச்சிலிருந்து முழுசாகப் பிரித்து எடுக்கும் மென்பொருள்கள் வந்திருக்கின்றன. ஆனால் பேச்சின் ஓரங்கள் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல ஆகிவிடும். தியேட்டரில் அது அப்பட்டமாகத் தெரியும்.

பாட்டைப் படத்தில் வைத்திருக்க வேண்டுமானால் இரண்டு உரிமைகள் வேண்டும். ஒன்று, பாடல் வரி, மெட்டு ஆகியவற்றைப் படத்தோடு இணைக்கும் உரிமை. இன்னொன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவின் உரிமை. சினிமாப் பாட்டென்றால் இரண்டும் பெரும்பாலும் இசை நிறுவனத்திடம்தான் இருக்கும். மண்டபத்திலும் ஹோட்டலிலும் பாட்டுப் போட ஐபிஆர்எஸ், பிபிஎல் போன்ற அமைப்புகள் தரும் உரிமம் இதற்குச் செல்லாது. அது பொது இடத்தில் ஒலிபரப்புவதற்கு மட்டும். "ஐபிஆர்எஸ் ரசீது இருக்கிறது, போதும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

செய்ய வேண்டியது எளிது. பேட்டி எடுக்கும் முன் கடைக்காரரிடம், "அண்ணே, பத்து நிமிஷம் ரேடியோவை அணைச்சுக்கலாமா?" என்று கேளுங்கள். பேட்டி முடிந்ததும் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லி அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். பாய்லர் சத்தமும், கிளாஸ் கழுவுவதும், ரோட்டில் பஸ் போவதும் அதில் இருக்கும். எடிட்டிங்கில் ஒட்டுப்போட அது கை கொடுக்கும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 'விழாத் திரையிடல்களுக்கு மட்டும்' என்று குறிப்பிட்டு உரிமம் கேட்டுப் பாருங்கள். முழு உரிமத்தைவிடக் குறைவாகவே கேட்பார்கள். ஆனால் அந்த உரிமத்தை வைத்து ஓடிடிக்கு விற்க முடியாது. எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், எத்தனை விநாடி என்று எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்ன சம்மதத்துக்கு மதிப்பில்லை.

4. ஆங்கில சப்டைட்டில்

உங்கள் படத்தைத் தேர்வு செய்யப் போகிறவர் தமிழ் தெரியாதவர். அவரைப் பொறுத்தவரை சப்டைட்டில்தான் வசனம். படப்பிடிப்புக்கு ஆன செலவில் ஒரு சிறு பங்கையாவது இதற்கு ஒதுக்குங்கள்.

அளவுகள்: ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். ஒரு வரியில் 42 எழுத்துக்குள். ஒரு விநாடிக்குக் குறையாமல், ஆறேழு விநாடிக்கு மேல் போகாமல் திரையில் நிற்கட்டும். விநாடிக்கு 15 முதல் 17 எழுத்து என்ற வேகத்தைத் தாண்டினால் பார்ப்பவர் படிப்பதிலேயே இருப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். நம் ஊர்ப் பேச்சு வேகமானது. சொன்னதையெல்லாம் மொழிபெயர்த்தால் இந்த வேகத்துக்குள் அடங்காது. "அதாங்க, நான் என்ன சொல்ல வரேன்னா" போன்றவற்றை விட்டுவிட்டுச் சாரத்தை எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பில் சிக்கல் தருவது உறவுமுறைச் சொற்களும் 'அவன், அவர்' வேறுபாடும். பண்ணையாருடைய பையன் அறுபது வயதுக்காரரை "வாடா போடா" என்பதில்தான் காட்சியின் மொத்த வலியும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது மறைந்தே போகும். அங்கே அந்த மரியாதைக் குறைவு தெரியும்படி வேறு சொல் தேட வேண்டும். ஊர்ப்பெயர், ஆள்பெயர் எல்லாவற்றுக்கும் ஒரு எழுத்துக்கூட்டல் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். முத்துலட்சுமி முதல் காட்சியில் ஒரு மாதிரியும் கடைசிக் காட்சியில் வேறு மாதிரியும் வந்தால் பார்ப்பவர் இரண்டு பெண்கள் என்று நினைப்பார்.

வெள்ளை எழுத்துக்கு மெல்லிய கறுப்பு விளிம்பு கட்டாயம். லேப்டாப்பில் நன்றாகத் தெரியும் எழுத்து, வெள்ளை வேட்டி வரும் காட்சியிலும் தூத்துக்குடி உப்பளக் காட்சியிலும் கரைந்துவிடும். பெயர் அட்டைகளைச் சப்டைட்டில் வரும் இடத்துக்கு மேலே வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்.

தமிழ்த் தலைப்புகளைத் தனியாகச் சரிபாருங்கள். சில எடிட்டிங் மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி 'கொ' உடைந்து நிற்கும். உங்களுக்குக் கணினியில் சரியாகத் தெரிந்தாலும், ஏற்றுமதி செய்த கோப்பில் உடைந்திருக்கலாம். ஒவ்வொரு தலைப்பையும் ஏற்றுமதிக்குப் பிறகு நிறுத்திப் பாருங்கள். தலைப்பை ஒரு படமாக மாற்றி வைப்பது பாதுகாப்பு.

கையில் மூன்று பிரதிகள் இருக்க வேண்டும்: ஆங்கிலச் சப்டைட்டில் பதித்த பிரதி, சப்டைட்டில் இல்லாத சுத்தமான பிரதி, சப்டைட்டில் வரிகள் மட்டும் நேரக்குறியோடு இருக்கும் எஸ்ஆர்டி கோப்பு (யுடிஎஃப்-8 குறியாக்கத்தில்). ஜப்பானிலோ ஜெர்மனியிலோ தேர்வானால், அவர்கள் மொழியில் சப்டைட்டில் போட அவர்கள் கேட்பது பின்னிரண்டும்தான்.

5. ப்ரீமியர் என்ற கணக்கு

இதைப் புரிந்துகொள்ளாமல் எந்த விண்ணப்பமும் போட வேண்டாம். உலக ப்ரீமியர் என்றால் எங்குமே பொதுமக்களுக்குக் காட்டாத படம். சர்வதேச ப்ரீமியர் என்றால் தயாரிப்பு நாட்டுக்கு வெளியே முதல் தடவை. அதன் பிறகு ஐரோப்பிய ப்ரீமியர், ஆசிய ப்ரீமியர், அந்த நாட்டு ப்ரீமியர் என்று படி இறங்கும். பெரிய விழாக்களின் போட்டிப் பிரிவுகள் முழுநீளப் படங்களுக்கு உலக அல்லது சர்வதேச ப்ரீமியரை எதிர்பார்க்கும். குறும்படங்களில் இவ்வளவு கறார் கிடையாது.

நடைமுறையில் இதன் பொருள்: இந்தியாவில் நடக்கும் ஒரு விழாவில் முதலில் காட்டினால் உலக ப்ரீமியர் போகும், சர்வதேச ப்ரீமியர் கையில் இருக்கும். ஆனால் ஐரோப்பாவில் ஒரு சிறு ஊரில், யாருக்கும் தெரியாத விழாவில் காட்டிவிட்டால் அந்தக் கண்டத்துக்கான ப்ரீமியரே செலவாகிவிடும். ஆசைப்பட்ட விழாவின் பதில் வரும் வரை சின்ன விழாவுக்குச் சம்மதம் சொல்லாமல் காத்திருக்கப் பழகுங்கள். சின்ன விழாவுக்குப் பணிவாக, "இன்னும் மூன்று வாரம் அவகாசம் தர முடியுமா?" என்று எழுதினால் பலர் தருவார்கள்.

யூடியூபில் பொதுவாகப் போட்டால் எல்லாம் போயிற்று. டிரெய்லர் போடலாம். படக்குழுவுக்கும் ஊர்க்காரர்களுக்கும் விளம்பரம் இல்லாமல் போட்டுக் காட்டுவதைப் பெரும்பாலான விழாக்கள் பொதுத் திரையிடலாக எடுத்துக்கொள்வதில்லை. சந்தேகம் இருந்தால் விழாவுக்கே எழுதிக் கேளுங்கள். ஆனால் போஸ்டர் அடித்து ஃபேஸ்புக்கில் போட்டால் அது பொதுத் திரையிடல்தான்.

6. எந்த விழா, எந்த மாதம்

ஆவணப்படங்களுக்கான பெரிய விழாக்களை ஆண்டுச் சக்கரமாகப் பாருங்கள். ஜனவரியில் சன்டான்ஸ், மாதக் கடைசியில் ராட்டர்டாம். பிப்ரவரியில் பெர்லின். மார்ச்சில் கோபன்ஹேகனின் சிபிஹெச்:டாக்ஸ். ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் நியோன் நகரில் விசியோன் டு ரியல். ஏப்ரல் கடைசியில் டொரன்டோவின் ஹாட் டாக்ஸ். ஜூனில் ஷெஃபீல்ட். அக்டோபரில் லைப்சிக். நவம்பரில் ஆம்ஸ்டர்டாமின் இட்ஃபா. ஜப்பானின் யமகாடா இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, ஒற்றைப்படை ஆண்டுகளின் அக்டோபரில். அங்கே ஆசியாவின் புதிய படைப்பாளிகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. முதல் படம் எடுத்தவர்கள் அதைத் தவறவிடக் கூடாது.

பக்கத்தில்: மும்பையில் ஆவண, குறும், அனிமேஷன் படங்களுக்கான சர்வதேச விழா (1990 முதல் நடப்பது), திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்திர அகாடமி நடத்தும் ஆவண, குறும்பட விழா, காத்மாண்டுவில் ஃபிலிம் சவுத் ஏசியா, தர்மசாலா விழா, யாழ்ப்பாணத்தில் சர்வதேச சினிமா விழா. தமிழ்ப் படத்துக்கு விவாதம் தெரிந்த பார்வையாளர்கள் வேண்டுமென்றால் திருவனந்தபுரமும் யாழ்ப்பாணமும் எந்த ஐரோப்பிய விழாவுக்கும் குறைந்தவை இல்லை.

விண்ணப்பத்தின் கடைசித் தேதி பெரும்பாலும் விழாவுக்கு நாலைந்து மாதம் முன்பே வந்துவிடும். ஜனவரியில் நடக்கும் சன்டான்ஸுக்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரிலேயே கதவு மூடும். படத்தை மார்ச்சில் பூட்டினால் இலையுதிர் கால விழாக்கள், அக்டோபரில் பூட்டினால் அடுத்த வசந்த கால விழாக்கள் என்று வரிசை போடுங்கள். ஒரு தாளில் மூன்று அடுக்கு எழுதுங்கள்: கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று நான்கு, நியாயமாகக் கிடைக்கலாம் என்று ஆறு, அக்கம்பக்கத்தில் ஐந்து. முதல் அடுக்கின் பதில் வரும் வரை மூன்றாம் அடுக்குக்குப் போகாதீர்கள்.

7. பணம் பிடுங்கும் விழாக்கள்

பெரிய நகரத்தின் பெயரோடு 'சர்வதேச' என்று சேர்த்துக்கொண்டு, தியேட்டரே இல்லாமல், இணையப் பக்கத்திலேயே நடக்கும் 'விழா'க்கள் ஏராளம். விருதுச் சின்னத்தை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். கோப்பை வேண்டுமானால் தனியாகப் பணம். ஊரில் பேனர் வைக்க அது உதவும், படத்துக்கு உதவாது. தேர்வுக்குழுவில் இருப்பவர்களுக்கு இந்தச் சின்னங்கள் நன்றாகத் தெரியும். போஸ்டரில் இருபது வைத்திருந்தால் படத்தைப் பற்றிய மதிப்பு குறையும்.

அடையாளம் காண்பது இப்படி: மாதாமாதம் நடக்கிறது, விருதுப் பிரிவுகள் ஐம்பது, அறுபது இருக்கின்றன, தேர்வு செய்பவர்களின் பெயர் எங்கும் இல்லை, "உங்கள் படத்தைப் பற்றிக் கேள்விப்பட்டோம், பாதிக் கட்டணத்தில் அனுப்புங்கள்" என்று தானாக மின்னஞ்சல் வருகிறது. சோதித்துப் பார்க்க மூன்று கேள்விகள் போதும். போன வருடம் எந்தத் தியேட்டரில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு எந்தப் படம் போட்டார்கள் என்ற பட்டியல் இருக்கிறதா? உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு செய்தியாவது வந்திருக்கிறதா? அங்கே நேரில் போய் வந்த ஒரு இயக்குநராவது உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுகிறாரா? விண்ணப்பத் தளத்தில் பட்டியலிடப்பட்டிருப்பது தகுதிச் சான்று ஆகாது.

8. விண்ணப்பமும் கட்டணமும்

பெரும்பாலான விழாக்கள் ஃபிலிம்ஃப்ரீவே தளம் வழியாகவும் சில தங்கள் சொந்தத் தளம் வழியாகவும் வாங்குகின்றன. முதலில் இவற்றைத் தயார் செய்து ஒரே கோப்புறையில் வையுங்கள்:

- ஒரு வரிச் சுருக்கம் (25 சொல்), சிறு சுருக்கம் (60 சொல்), பெரிய சுருக்கம் (150 சொல்)
- இயக்குநர் குறிப்பு 80 சொல், புகைப்படம்
- மூன்று முதல் ஐந்து ஸ்டில்கள், சப்டைட்டில் இல்லாதவை, குறைந்தது 1920 பிக்சல் அகலம்
- ஒரு நிமிட டிரெய்லர், போஸ்டர்
- முழுப் பெயர்ப்பட்டியல், தொழில்நுட்ப விவரம்

சுருக்கத்தில் 'மனிதத்தின் வெற்றி', 'நம்பிக்கையின் பயணம்' போன்றவற்றைத் தவிருங்கள். யார், எங்கே, என்ன செய்கிறார், என்ன தடுக்கிறது, அவ்வளவுதான். 'ராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண் ஒருத்தி, தடை செய்யப்பட்ட பகுதிக்குள் இறங்க வேண்டிய நிலை' என்றால் படிப்பவர் கண்ணில் படம் ஓடும்.

படத்தைப் பார்க்கும் இணைப்பை விமியோவில் கடவுச்சொல்லோடு கொடுங்கள். யூடியூபின் மறைமுக (அன்லிஸ்டட்) இணைப்பில் உரிமைப் புகார் வந்து சில நாடுகளில் படம் முடங்கிப் போகலாம். கடவுச்சொல் எளிதாக இருக்கட்டும், விழா முடியும் வரை மாற்றாதீர்கள். திருத்தம் செய்தால் இணைப்பு மாறாமல் கோப்பை மட்டும் மாற்றும் வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். தேர்வுக்குழு திறக்கும்போது இணைப்பு வேலை செய்யாவிட்டால் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள், உங்களுக்குத் தகவல்கூட வராது.

கட்டணம் மூன்று படிகளில் இருக்கும்: முன்கூட்டி, வழக்கமான, தாமதம். கடைசிப் படி முதல் படியைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு ஆகிவிடும். சராசரியாக 35 டாலர் என்று வைத்தால் பதினைந்து விழாவுக்கு 525 டாலர்; டாலர் 85 ரூபாய்க் கணக்கில் சுமார் 45,000 ரூபாய். அதற்கு மேல் வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணமாக இரண்டு முதல் மூன்றரை சதவீதம் எடுக்கும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் நீங்களே இயக்க வேண்டும். புது கார்டுகளில் அது அணைத்துத்தான் வரும். கடைசித் தேதி ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கட்டணம் நிராகரிக்கப்படுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கட்டணச் சலுகை கேட்கத் தயங்காதீர்கள். வழக்கமான கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே, ஐந்து வரியில் எழுதுங்கள்: படம் எதைப் பற்றியது, நிதி எதுவும் இல்லாமல் எடுத்தது, அந்த விழாவுக்கு ஏன் பொருந்தும், பார்க்கும் இணைப்பு, நன்றி. ஒரே கடிதத்தை நூறு விழாவுக்கு அனுப்பினால் பதில் வராது. போன வருடம் அவர்கள் திரையிட்ட படம் ஒன்றைக் குறிப்பிட்டு எழுதினால் வரும் வாய்ப்பு அதிகம்.

9. டிசிபி: தியேட்டருக்கான பிரதி

தேர்வு உறுதியான பிறகு செய்தால் போதும். ஆனால் என்ன வேண்டும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒலிக்கலவை அதைப் பொறுத்தது.

தியேட்டர் புரொஜெக்டர் எம்பி4 கோப்பை ஓட்டாது. டிசிபி என்ற கோப்புத் தொகுப்பு வேண்டும். திரை அளவு இரண்டு வகை: 2கே ஃப்ளாட் 1998×1080, அதைவிட அகலமான ஸ்கோப் 2048×858. உங்கள் படம் 1920×1080 என்றால் ஃப்ளாட்டுக்குள் இரு பக்கமும் 39 பிக்சல் கறுப்போடு உட்காரும். இழுத்துப் பெரிதாக்க வேண்டாம். டிசிபி-ஓ-மேடிக் என்ற இலவச மென்பொருளில் வீட்டிலேயே செய்யலாம். ஸ்டூடியோவில் கொடுத்தால் நிமிடக் கணக்கில் வாங்குவார்கள். ஹார்ட் டிஸ்க்கும், திருத்தம் வந்தால் மறுபடி செய்வதும் அதில் அடங்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

மூன்று இடத்தில் கோளாறு வரும்.

பிரேம் வேகம்: தியேட்டரின் அடிப்படை விநாடிக்கு 24 பிரேம். இருபத்தைந்தில் எடுத்திருந்தால் 25-இலேயே டிசிபி செய்யலாம், ஆனால் ஓட்ட முடியுமா என்று விழாவின் தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்டுவிடுங்கள். செல்போனில் 30-இல் எடுத்ததை 24-க்கு மாற்றினால் கேமரா நகரும்போதெல்லாம் படம் தத்தித் தத்திப் போகும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 24-இல் எடுத்தாலும் 25-இல் எடுத்தாலும் ஷட்டர் 1/50 வைத்தால் டியூப்லைட் மினுக்காது.

ஒலி: யூடியூபுக்கென்று சத்தமாகக் கலந்த ஒலி தியேட்டரில் அலறும். ஆபரேட்டர் சத்தத்தைக் குறைப்பார். அப்போது கிசுகிசுப்பாகப் பேசும் இடம் எதுவுமே கேட்காது. வெறும் ஸ்டீரியோவாக இருந்தால் பேச்சு நடுவிலிருந்து வராது. இடது ஓரம் உட்கார்ந்தவருக்கு எல்லோரும் இடது ஸ்பீக்கரில் பேசுவார்கள். குறைந்தபட்சம் பேச்சை நடுச் சேனலுக்குக் கொண்டுபோய் 5.1 ஆக (சுற்றொலியாக) கலக்கச் சொல்லுங்கள்.

ஹார்ட் டிஸ்க்: மேக் கணினி வடிவில் ஃபார்மாட் செய்த டிஸ்க்கைத் தியேட்டர் சர்வர் படிக்காது. லினக்ஸின் ஈஎக்ஸ்டி2 அல்லது ஈஎக்ஸ்டி3 வடிவம், ஐநோட் அளவு (ஃபார்மாட் செய்யும்போது தரும் ஒரு அமைப்பு) 128 என்பது பாதுகாப்பான தேர்வு. பூட்டு போடாத (குறியாக்கம் செய்யாத) டிசிபியாகவே கொடுங்கள். பூட்டினால் திறக்க ஒரு சாவிக் கோப்பு வேண்டும், அது செல்லும் நேரம் ஒரு மணி நேரம் தவறினால்கூடப் படம் ஓடாது.

30 நிமிடப் படம் விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஒலியோடு சேர்த்துச் சுமார் 24 ஜிபி வரும். 20 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்ற மூன்று மணி நேரம் பிடிக்கும். விழாக்கள் இப்போது இணையம் வழியாகவே வாங்கிக்கொள்கின்றன, அதையே தேர்ந்தெடுங்கள். கூரியரில் டிஸ்க் அனுப்பியே ஆக வேண்டுமென்றால், வணிக மதிப்பு இல்லை, கலாசார நோக்கத்துக்கு மட்டும் என்று விலைப்பட்டியலில் எழுதுங்கள். சும்மா டிஸ்க் விலையைப் போட்டு அனுப்பினால் சுங்கத்தில் மாட்டி, விழா முடிந்த பிறகு போய்ச் சேரும்.

அனுப்பும் முன் பக்கத்துத் தியேட்டரில் காலைக் காட்சிக்கு முந்தி ஒரு மணி நேரம் வாடகைக்குக் கேட்டு முழுப் படத்தையும் ஓட்டிப் பாருங்கள். லேப்டாப்பில் தெரியாத கறுப்பு எல்லாம் அங்கே தெரியும்.

10. தணிக்கைச் சான்றிதழ் எப்போது வேண்டும்

வெளிநாட்டு விழாவுக்கு வேண்டியதில்லை. இந்திய விழாக்களுக்கு, விழா நடத்துபவர்கள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு வாங்கிக்கொள்வார்கள். உங்களிடம் சுருக்கமும் விவரமும் மட்டும் கேட்பார்கள். தியேட்டரில் பொதுமக்களுக்குக் காட்டவும், தேசிய விருதுக்கு அனுப்பவும் கட்டாயம் வேண்டும். தேசிய விருதுக்கு அந்த ஆண்டின் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31-க்குள் வாங்கிய சான்றிதழ்தான் கணக்கு, ஆகவே எந்த ஆண்டில் வாங்குவது என்று யோசித்து விண்ணப்பியுங்கள். டிசம்பர் கடைசியில் போட்டுவிட்டு ஜனவரியில் கிடைத்தால் ஒரு வருடம் தள்ளிப்போகும். விண்ணப்பம் முழுக்க இணையத்தில். மாடு, யானை, சேவல் வரும் படமென்றால் விலங்குகள் நல வாரியத்தின் சான்றையும் கேட்பார்கள், அதற்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள்.

11. அழைப்பு வந்துவிட்டது: விசா

தேர்வு மின்னஞ்சல் வந்ததும், விழா அறிவிக்கும் வரை வெளியே சொல்லாதீர்கள். அன்றைக்கே மூன்று கேள்விகள் எழுதி அனுப்புங்கள்: விமானச் செலவு தருவார்களா, தங்கும் இடம் எத்தனை இரவு, அழைப்புக் கடிதம் எப்போது வரும். கடிதத்தில் உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பாஸ்போர்ட் எண், படத்தின் பெயர், தேதிகள், யார் எந்தச் செலவை ஏற்கிறார்கள் என்பது எல்லாம் இருக்க வேண்டும். தந்தை பெயரும் இனிஷியலும் குழப்பும் இடம் இது. பாஸ்போர்ட்டின் நகலை அனுப்பி, அதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

ஷெங்கன் விசாவுக்கு (பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுக்க வேண்டும். முடிவுக்கு 15 நாள் என்பது வழக்கம், 45 நாள் வரை நீளலாம். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் கட்டணம் தனி. 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாக்கல் நகல் கேட்பார்கள். ஃப்ரீலான்ஸ் செய்பவர்களிடம் நிறுவனக் கடிதம் இருக்காது. வேலை ஒப்பந்தங்கள், பில்கள், ஆடிட்டர் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென்று கணக்கில் இரண்டு லட்சம் போட்டால் நிராகரிக்க அதுவே காரணமாகலாம்.

12. பணம் வரும்போது

ப்ரீமியர் முடிந்த பிறகு, நீங்கள் விண்ணப்பிக்காமலேயே அழைக்கும் விழாக்களிடமும் பல்கலைக்கழகங்களிடமும் திரையிடல் கட்டணம் கேட்கலாம். அது கௌரவக் குறைச்சல் இல்லை, அவர்களுடைய பட்ஜெட்டில் அதற்கென்று தொகை இருக்கும். ஐரோப்பிய அலுவலகங்கள் ஐபேன் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்கும். இந்திய வங்கிகளில் அது கிடையாது. கணக்கு எண், ஸ்விஃப்ட் குறியீடு, ஐஎஃப்எஸ்சி, கிளை முகவரி ஆகியவற்றைக் கொடுத்து, இந்தியாவில் ஐபேன் இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். எல்லாக் கிளைக்கும் ஸ்விஃப்ட் இருக்காது, தலைமைக் கிளையினுடையதைக் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து நிதி நல்கை வருவதாக இருந்தால், கையெழுத்துப் போடும் முன் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் தெரிந்த ஆடிட்டரைப் பாருங்கள். கட்டணம் வேறு, நல்கை வேறு. சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

13. படம் எடுத்த ஊரில் காட்டுங்கள்

ப்ரீமியர் முடிந்த மறுவாரமே இதற்குத் தேதி குறியுங்கள். பன்னிரண்டு அடி வெள்ளைத் துணியும் மூவாயிரம் லூமென் புரொஜெக்டரும் போதும், ஆனால் நன்றாக இருட்டிய பிறகுதான் படம் தெரியும். கோடையில் ஏழேகாலுக்கு முன் ஆரம்பிக்காதீர்கள். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். சப்டைட்டில் இல்லாத சுத்தமான பிரதியை எடுத்துப் போங்கள், அவர்களுக்கு ஆங்கில எழுத்து எதற்கு. பென் டிரைவ் ஃபேட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, ஆகவே எக்ஸ்ஃபேட் ஆக மாற்றி, லேப்டாப்பில் ஒரு பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் பேசியவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். முடிந்ததும் உங்களுக்கு முன்னால் அவர்கள் பேசட்டும்.